வேனில் வந்த சிவப்பு அம்பு

இது நடந்தது. 2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. வெள்ளகோவிலுக்கு வடக்கே, ஒரு தோட்டத்துக் களத்தில். நான் ஈப்போவில் ஒரு தமிழ் நாளிதழில் இருபத்தாறு வருடம் செய்தி திருத்தியவன். உறுதி செய்யாத எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. மேசைக்கு வந்த பேய்ச் செய்திகளையெல்லாம் கசக்கிக் கூடையில் போட்டவன். அதனால் நம்பும்படி யாரையும் கெஞ்சப் போவதில்லை. அன்று குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதியதைத்தான் இங்கே தருகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எங்களுக்கு இந்தியா வெளிநாடு. மூன்று தலைமுறையாக மலேசியா. இந்தியாவில் தேடிப் போக எங்களுக்குப் பூர்வீக வீடும் இல்லை, பங்காளிகளும் இல்லை. விடுமுறைக்குத்தான் போனோம். படுக்கையும் அடுப்பும் வைத்த ஒரு வேனில் நாற்பது நாள் சுற்றுவது. ஆசை என் மனைவி அன்புசெல்வியுடையது. அவள் இருபத்திரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள். "ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் வாசல் வாசலா எறக்கி விட்டாச்சு. இனி யாரையும் எறக்கி விட வேணாத வண்டி ஒன்னு ஓட்டணும்" என்பாள்.

எங்கள் மகன் சரவணக்குமாருக்கு இதில் விருப்பமில்லை. கோலாலம்பூரிலிருந்து தினமும் போன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். "ரெண்டு பேர்ல யாருக்காச்சும் உடம்புக்கு ஒன்னுன்னா அடுத்த பிளைட். அதுக்கப்புறம் இந்த வேன் பேச்சே எடுக்கக் கூடாது." நான் தலையாட்டிவிட்டேன். அன்புசெல்வி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வயது ஐம்பத்தேழு. இந்தப் பயணம் ஒரு தடவை நின்றால் மறுபடி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

வேன் கிடைத்தது திருப்பூர் வீரபாண்டியில். தௌபிக் என்ற இளைஞர் பழைய கம்பெனி வேன்களை வாங்கி, உள்ளே படுக்கை போட்டு வாடகைக்கு விடுகிறார். கம்பெனி வேன் என்றால், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களைப் பனியன் கம்பெனிக்கு ஏற்றி வந்து, வேலை முடிந்ததும் கொண்டுபோய் விடும் வேன். திருப்பூர்ச் சாலைகளில் காலையும் இரவும் அவைதான் ஓடுகின்றன.

திங்கள் இரவு தௌபிக்கின் அம்மா காத்தூன் பீவி எங்களை விடவே இல்லை. நெய்ச்சோறு, தாளிச்சா, கறி. இலையில் இடம் தெரிந்தால் போதும், கரண்டி வந்துவிடும். மறுநாள் காலையில் வேன் பக்கம் வந்து, "பசியாறாம வண்டிய எடுக்கக் கூடாது" என்றார். காலை உணவு சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்ற சொல்லை மலேசியாவுக்கு வெளியே நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்புசெல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வெள்ளகோவில் பக்கம் மாரப்பண்ணன் தோட்டத்துல வண்டிய போட்டுக்கங்க சார்" என்றார் தௌபிக். "நமக்குத் தெரிஞ்சவரு. நல்ல மனுசன்."

கிளம்பியது காலை 10.50.

11.20. நல்லூர் தாண்டி, தேநீர் குடிக்க நிறுத்தினோம். ஜன்னல் திரையின் ஓரத்தில் சிறிய சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று. சுண்டுவிரல் நகமளவு. அம்பு வடிவம். அம்பின் முனை இருந்த இடத்தில் தையல் விட்டிருந்தது. திரைத்துணி கம்பெனியில் மிஞ்சிய துணி, அங்கே ஒட்டியதாக இருக்கும் என்று உரித்தேன். ஏதோ தோன்றி, குறிப்பேட்டில் ஒட்டி வைத்தேன்.

1.05. காங்கயம். சாப்பிட்டுக் கை கழுவ வேனுக்குள் போனால், சிறு தொட்டியின் குழாயில் இன்னொரு அம்பு. தொட்டுப் பார்த்தேன். குழாயின் கழுத்தில் நீர் கசிந்தது. காலையில் அதே குழாயில்தான் முகம் கழுவினேன். அப்போது ஸ்டிக்கர் இல்லை.

"தௌபிக் தம்பி விளையாடுது" என்றாள் அன்புசெல்வி. இடது தோளை ஒருமுறை சுழற்றிவிட்டு மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். "இந்த சீட்டு சரியில்ல. முதுகப் புடிக்குது."

4.10. சாலையோரப் புளிய மரம். பின்பக்க இடது சக்கரத்தில் மூன்றாவது அம்பு. முனை இருந்த இடத்தில் ஓர் ஆணி, தலை வரை இறங்கியிருந்தது. ஓடிய சக்கரம்... புழுதி படிந்த ரப்பர்... ஸ்டிக்கர் மட்டும் புதிதாக இருந்தது. அதில் தூசு கூட இல்லை.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளே சக்கரத்தை மாற்றினாள். வழக்கமாக அவளுக்கு அது பத்து நிமிட வேலை. அன்று அரை மணி ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள்.

மாரப்பன் களத்து வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். ஒல்லியான மனிதர்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, ஊட்டையே சக்கரத்துல கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா" என்று சிரித்தார். பிறகு வேனைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ரிவர்சு லேசுல உழுகாதுங்க. கொஞ்சம் தூக்கி, இடது பக்கமா தட்டோணும்."

நாங்கள் அவரிடம் ரிவர்ஸ் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அவர் மனைவி மருதாள் சந்தகை பிழிந்துகொண்டிருந்தார். இடியாப்பம் போல நூல் நூலாக வருவது, தேங்காய்ப்பால் ஊற்றித் தின்ன வேண்டும். கூடவே வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், அரிசிம்பருப்புச் சாதம், கட்டித் தயிர். நான் போதும் என்றால் மாரப்பன் விடவில்லை. "ஒறம்பரை வந்து அரை வயித்தோட எந்திரிச்சா நாங்க ஊருக்குள்ள தல காட்ட முடியாதுங்க." ஒறம்பரை என்றால் விருந்தாளி. எந்த உறவும் இல்லாத ஊரில் அந்தச் சொல் எங்களுக்கு இனித்தது.

"உள்ள வந்து வண்டியப் பாருங்கக்கா" என்று அன்புசெல்வி மருதாளைக் கூப்பிட்டாள்.

"இல்லீங்க. இங்கிருந்தே தெரியுதுங்க."

இருவருமே வேனுக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றார்கள். சாப்பாடு கொடுக்கும்போதும் அப்படித்தான். அதையும் குறித்துக்கொண்டேன்.

7.15. நான் குறிப்பேட்டைத் திறந்து மூன்று ஸ்டிக்கர்களையும் மருதாளிடம் காட்டினேன். அவர் கை நின்றது.

"எங்கீங்க இருந்துச்சு?"

"வண்டியில."

அவர் மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் தரையைப் பார்த்தார்.

"இது செக்கிங் ஸ்டிக்கருங்க" என்றார் மருதாள் மெதுவாக. "நானும் பன்னெண்டு வருசம் கம்பெனில செக்கிங்ல இருந்தேன். தச்ச பனியன விரிச்சு, கையால தடவிப் பாத்து, தையல் உட்டிருந்தா, ஓட்ட இருந்தா, அந்த எடத்தக் காட்டி அம்பு ஒட்டுவோம். அது ஆல்டருக்குப் போகும். சரி பண்ணி வந்துரும்."

"சரி பண்ணவே முடியலன்னா?" என்றாள் அன்புசெல்வி.

"அது ரிஜெக்ட்டுங்க. அதுக்கு எதுக்கு ஸ்டிக்கரு. பெட்டில வீசிருவோம்."

மாரப்பன் எழுந்தார். "ராத்திரி ஊட்டுக்குள்ளாறயே படுத்துக்கலாமுங்களே. கட்டில் சும்மாதான் கெடக்குது."

"முதல் ராத்திரி, வண்டியிலதான்" என்றாள் அன்புசெல்வி. அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். 

8.05. வேனுக்குள் விளக்கு எரிந்தது. வெளியே இருட்டு. மாரப்பன் வீட்டில் டிவி நாடகம் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஊர் தூங்கும் நேரமல்ல அது. அதைச் சொல்லியாக வேண்டும்.

அன்புசெல்வி உடை மாற்றத் திரும்பினாள்.

அவள் ரவிக்கையின் முதுகில்... இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே... சிவப்பு அம்பு.

நான் உரித்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள்.

"எனக்கும் ஆல்டரா?" என்று சிரித்தாள். சுருட்டி வெளியே எறிந்துவிட்டு ஜன்னலை மூடினாள்.

8.20. நைட்டி போட்டுப் படுத்தாள். எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் ஒருக்களித்து. விளக்கை அணைத்தேன். மாரப்பன் வீட்டு வாசல் விளக்கின் வெளிச்சம் திரை வழியாக மங்கலாக விழுந்தது.

8.31. ஒரு சத்தம்.

ஃபட்... ஃபட்...

ஈரமில்லாத துணியை யாரோ உதறி விரிப்பது போல. வேனுக்குள். என் கால்மாட்டில்.

பிறகு ஒரு வாசனை. அயர்ன் பெட்டியின் ஆவி படிந்த புதுப் பனியன் வாசனை. வேனில் அப்படி எதுவும் இல்லை.

"அன்பு..."

"கேட்டுது" என்றாள். அவளும் தூங்கவில்லை.

8.36. சத்தம் நின்றது. டிவியில் யாரோ அழுதார்கள். விளம்பரம் வந்தது.

அப்போதுதான் பார்த்தேன்.

அன்புசெல்வியின் நைட்டி அசைந்தது. காற்று இல்லை. ஜன்னல் மூடியிருந்தது. அவள் அசையவில்லை.

கழுத்துப் பட்டி மெல்ல மடிந்தது. திரும்பியது. மறுபடி படிந்தது.

நைட்டியின் கைப்பகுதி நீண்டு இழுபட்டது. யாரோ ஓரத்தைப் பிடித்து நேராக்குவது போல.

தோள் தையல். ஓரம் வரை... ஓர் அழுத்தம் ஊர்ந்து போயிற்று. துணியில் சுருக்கம் விழுந்தது. சுருக்கம் நீங்கியது. உள்ளங்கை ஒன்று தடவிப் போவது போல.

கையை மட்டும் காணோம்.

"யாரோ... தொடறாங்க" என்றாள் அன்புசெல்வி. மூச்சு மட்டும்தான் வந்தது.

அழுத்தம் முதுகில் இறங்கியது. நிதானமாக. அவசரமே இல்லை. தினமும் ஆயிரம் துணி பார்த்த நிதானம்.

இடது தோள்பட்டைக்குக் கீழே... நின்றது.

அங்கேயே இரண்டு தடவை தடவியது.

சர்ரக்.

சுருளிலிருந்து ஸ்டிக்கர் உரியும் சத்தம்.

8.41. நான் விளக்கைப் போட்டேன்.

வேனில் நாங்கள் இருவர்தான். அவள் முதுகில் சிவப்பு அம்பு. அதே இடம்.

அன்புசெல்வி எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. பிப்ரவரி மாதம். வெளியே குளிர்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த கால்மாட்டைப் பார்த்துப் பேசினாள்.

"யாரா இருந்தாலும் சரி. நாப்பது நாளைக்கு இது என் வண்டி. நீங்களும் இருந்துக்குங்க. நான் எறங்க மாட்டேன்."



சர்ரக்...

இந்த முறை சத்தம் என் காதருகில். அவள் நைட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முதல் அம்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின.

எனக்குப் புரிந்தது. திரை. குழாய். சக்கரம். அம்பு ஒருமுறை கூடப் பொய் சொல்லவில்லை.

"அன்பு. அங்க வலிக்குதா?"

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதான்னு கேக்குறேன்."

"மூணு நாளா" என்றாள். "ஈப்போலயே ஆரம்பிச்சிருச்சு. இப்ப தாடைக்கும் வருது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த பிளைட்." குரல் உடையவில்லை. கோபமாகத்தான் வந்தது. "உங்க மகன்கிட்ட தலையாட்டுனது நீங்கதான, நானில்ல. நான் திரும்ப மாட்டேன். செத்தா இந்த வண்டியிலயே சாவறேன். ஆஸ்பத்திரிக்குப் போனா இது முடிஞ்சிது."

கதவைத் திறக்க எழுந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன.

முப்பத்தொரு வருடத் திருமணத்தில் அவளிடம் நான் வாதத்தில் வென்றதில்லை. அன்று எனக்குக் கிடைத்தது மருதாள் சொன்னது மட்டும்தான்.

"ரிஜெக்ட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்ட மாட்டாங்களாம்" என்றேன். "ஒட்டினா, சரி பண்ணலாம்னு அர்த்தம். சரி பண்ணிட்டு வருவோம். வந்து நாப்பது நாளும் போவோம். சரவணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். இது சத்தியம்."

"அவனுக்குச் சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

"திரும்ப வந்து இதே வண்டில."

"இதே வண்டில."

அவள் கையை விட்டாள்.

8.52. மாரப்பன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நெஞ்சுவலி என்று சொல்லி முடிக்கவில்லை, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். வேன் அருகில் வந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறினார். விளக்கைப் போடாமலே சாவித் துளை அவருக்குத் தெரிந்தது. ரிவர்ஸ் ஒரே தட்டில் விழுந்தது.

ஈரோட்டுச் சாலையில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார். எங்களிடம் அல்ல. உள்கண்ணாடியைப் பார்த்து.

"அக்கா... இந்த ஒருக்காவாச்சும் உசுரோட கொண்டுபோய்ச் சேத்தீர்றேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. குறித்து மட்டும் வைத்தேன். 9.14.

மருத்துவமனையில் நுழைந்தது 9.50. அன்புசெல்விக்கு உடை மாற்றிய நர்ஸ் வெளியே வந்து என்னிடம் கேட்டார். "இதுக்கு முன்னாடி எந்த ஆஸ்பத்திரில காட்டுனீங்க? முதுகுல மார்க் பண்ணி அனுப்பியிருக்காங்களே." அவர் உள்ளங்கையில் இரண்டு சிவப்பு அம்புகள் இருந்தன.

இருதயத்துக்குப் போகும் பெரிய குழாயில் அடைப்பு. நள்ளிரவுக்கு முன் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். "காலைல பாத்துக்கலாம்னு இருந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவரை முடிக்கச் சொல்லி நான் கேட்கவுமில்லை.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். மகனுக்குச் சொன்னது அன்புசெல்விதான். நான்காம் நாள், கட்டிலில் சாய்ந்தபடி. "சரவணா, எனக்கு ஹார்ட்ல ஒரு சின்ன வேல இருந்துச்சு, முடிஞ்சிருச்சு. கத்தாத. டிக்கெட்ட மாத்து. முன்னாடிக்கு இல்ல, பின்னாடிக்கு."

அவன் பறந்து வந்தான். மூன்று நாள் சண்டை போட்டான். தோற்று, திரும்பிப் போனான்.

டாக்டர் ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்றார். பயணம் போகக் கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதை அன்புசெல்வி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஓட்டுவதற்கு மாரப்பன் வந்தார். நாங்கள் கேட்கவில்லை. "நானே வாரனுங்க" என்றார்.

மார்ச் 10, ஞாயிறு. அதே களம். அதே வேன். வேறு வண்டி தருகிறேன் என்று தௌபிக் வீரபாண்டியிலிருந்து வந்து கெஞ்சிப் பார்த்தார். "இதுதான் வேணும் தம்பி. இதுலதான் சரியா செக் பண்றாங்க" என்றாள் அன்புசெல்வி.

கிளம்பும் நேரத்தில் மருதாள் வேனுக்கு வந்தார். இம்முறை பத்தடி தள்ளி நிற்கவில்லை. படியேறி உள்ளே வந்து, எங்கள் படுக்கையின் தலைமாட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கதானுங்க அக்கா சீட்டு. கருப்பாத்தாக்கா. ஜன்னல் ஓரம். அவிய பக்கத்துல நானு."

மூன்று வருடத்துக்கு முந்திய கதை. அப்போது இதே வேனை ஓட்டியவர் மாரப்பன். கருப்பாத்தாள் அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் செக்கிங்கில் இருந்தவர். அவர் கையைத் தாண்டி ஓர் ஓட்டை வெளியே போனதில்லையாம். அன்று சாயங்காலமே முதுகு வலிக்குது என்றாராம். ஷிப்மென்ட் நாள், சரக்கு அனுப்பியாக வேண்டும். யாரும் காதில் வாங்கவில்லை. இரவு வேனில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் தூங்குவார்கள். ஒவ்வொருவராக அவரவர் ஊரில் இறங்கிப் போனார்கள். கடைசி நிறுத்தத்தில் மாரப்பன் எழுப்பியபோதுதான் தெரிந்தது.

"அதுக்கப்பறம் இவரு வேன் ஓட்டலீங்க. நானும் கம்பெனிக்குப் போகல" என்றார் மருதாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவருக்கே இத நான் சொன்னதில்ல."

அன்புசெல்வி நகர்ந்து அவருக்கு உட்கார இடம் விட்டாள்.

"படியூர் தாண்டறப்ப பாத்தேன். அக்கா சேலைல, நெஞ்சுக்கு நேரா, ஒரு அம்பு ஸ்டிக்கரு. செக்கிங்ல இருக்கறவிய துணில அது எப்பவும் ஒட்டிக்கிட்டுத்தான் வருமுங்க. வேல செய்யறப்ப ஒட்டியிருக்கும்னு நாந்தான் பிச்சு எறிஞ்சேன்."

தன் சேலையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"காங்கயத்துல பாத்தா, மறுக்காவும் இருந்துச்சு. அதே எடம். அதையும் பிச்சுட்டேன்."

வெளியே மாரப்பன் இன்ஜினைப் போட்டார்.

"மக்யா நாளு காத்தால டாக்டர் சொன்னாரு. உசுரு படியூருக்கு முன்னாடியே போயிருக்கோணும்னு."